நாற்பதாவது பந்து

துலூஸ், பிரான்ஸ்
4 ஆகஸ்ட் 2024

கமலு,

கவரின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால் உனக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். ஐந்து வருடமாக என்னை வாட்ஸப்பில் பிளாக் செய்து வைத்திருக்கிறாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது, அதனால் இந்த வழியாக வருகிறேன்.

சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். நம் பழைய பேஸ்பால் அணியின் குரூப்பில் நீ அந்தத் தென்மண்டல இறுதிப் போட்டிப் படத்தைப் போட்டு, "வீரம்னா இதுதான்" என்று எழுதினாய். நான் அதன் கீழே, "கேட்ச்சர் கை நல்லாதான் இருக்கு, பிட்ச்சர் கைதான் போச்சு" என்று எழுதினேன். பந்து வீசிய பிட்ச்சர் நான், எதிரில் உட்கார்ந்து பிடித்த கேட்ச்சர் நீ, அது நம் இரண்டு பேருக்குள் உள்ள கணக்கு. அத்தனை பேர் முன்னால் எழுதியிருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. அமலநாதன் எனக்கு ஒரு பத்திரிகைப் படம் அனுப்பினான். அவன் மகள் மெரின்தான் உன் அணிக்கு இப்போது கேட்ச்சராமே. நம் மூன்றாவது பேஸ்காரனுக்கு ஒரு கேட்ச்சர் பிறந்திருக்கிறாள், நல்லது. படத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று வலது கையை முன்னால் நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். நடுவில் உன் மகள் துர்கா. உன் மூக்கு, உன் முறைப்பு, அச்சு அசல் நீதான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் கையைப் பார்த்தேன். பன்னிரண்டு கைகள் ஸ்கேல் வைத்தது மாதிரி நேராக இருக்கின்றன. அவள் கை மட்டும் முழங்கையில் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் இருபத்து நாலு வருடமாகத் தினமும் காலையில் சட்டை போடும்போது அந்தக் கோணத்தைத்தான் பார்க்கிறேன்.

அவளை மருத்துவரிடம் காட்டு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜோசப் ஆனந்த்

•

தவளக்குப்பம்
22 ஆகஸ்ட் 2024

ஜோசப் ஆனந்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்திரிகைப் படத்தை வைத்து நோய் கண்டுபிடிக்கும் அளவுக்கு பிரான்சில் படித்துவிட்டாய் போல.

என் மகளைப் பற்றித் தெரிந்துகொள். வயது பதிமூன்று முடிந்து பத்து மாதம். அவளைவிட இரண்டு வயது பெரியவர்களோடு ஆடுகிறாள். போன மாதம் விழுப்புரம் அணியில் பதினோரு பேரை ஒரே ஆட்டத்தில் வெளியேற்றினாள். பள்ளியில் மூன்று வருடமாகத் தனிநபர் சாம்பியன் கோப்பை அவளுக்குத்தான். அந்தக் கோப்பைகள் எங்கள் டிவிக்கு மேலே இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியன். இருபது வருட சர்வீஸ். வளரும் பிள்ளைகளுக்கு முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பு இன்னும் ஒட்டிச் சேராத இடம் ஒன்று இருக்கிறது, பந்து வீசும் ஒவ்வொரு முறையும் தசை அதைத்தான் பிடித்து இழுக்கிறது என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெங்களூருவில் அதற்கென்றே பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தேன். துர்காவுக்கு ஒரு ஆட்டத்தில் அறுபது பந்து, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. பிறகு நாலு நாள் ஓய்வு. வளைத்துப் போடும் பந்து இந்த வயதில் கிடையவே கிடையாது. எல்லாவற்றுக்கும் சார்ட் போட்டு என் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். புதுச்சேரியில் வேறு எந்தக் கோச்சிடமும் இப்படி ஒரு சார்ட் கிடையாது.

உன் கை போனதற்குக் காரணம் நீ. வலியை மறைத்தாய். பிறகு ஜெயித்த பந்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு பிரான்சுக்கு விமானம் ஏறிவிட்டாய். அந்தப் பந்து யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கமலக்கண்ணன்

பி.கு.: உன் கடிதத்தைப் படித்த அன்று மாலை அவளைக் கூப்பிட்டு இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொன்னேன். வலது கை இரண்டு விரல் அளவு குறைகிறது. "ராத்திரி கோணலா படுத்துட்டேன்பா" என்கிறாள். சரியாகிவிடும்.

•

துலூஸ்
8 செப்டம்பர் 2024

கமலு,

இரண்டு பக்கம் பெருமை எழுதிவிட்டுக் கடைசியில் மூன்று வரியில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய். பெருமைப்பட உனக்கு உரிமை இருக்கிறது. பதினோரு பேரை வெளியேற்றியதைப் படித்து நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆனால் கோணலாகப் படுத்தால் கழுத்துதான் பிடித்துக்கொள்ளும், முழங்கை அல்ல.

உன் சார்ட்டை நம்புகிறேன். நீ ஒரு பந்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதுகிறவன் இல்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. அந்த நாலு ஓய்வு நாட்களில் அவள் என்ன செய்கிறாள்? தனிநபர் சாம்பியன் கோப்பையை பேஸ்பாலுக்குக் கொடுப்பதில்லையே. அதை வாங்க இன்னும் எத்தனை போட்டியில் ஜெயிக்க வேண்டும்?

இங்கே சனிக்கிழமைகளில் எங்கள் பேட்டைப் பிள்ளைகளின் கிளப்புக்குப் போகிறேன். கோச் ஆக இல்லை, எண்ணுகிறவனாக. தபால் பிரிப்பு மையத்தில் வாரம் முழுக்கக் கடிதம் எண்ணுகிறவனுக்கு அது கஷ்டமா என்ன. கையில் ஒரு சின்னக் கருவி. ஒரு பந்துக்கு ஒரு அமுக்கு. எண் வந்துவிட்டது என்று நான் கையைத் தூக்கினால் பிட்ச்சர் வெளியே வர வேண்டும். அப்பன்மார்கள் என்னை முறைப்பார்கள். அந்த முறைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் கருவி ஒன்றை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். உன் மகளின் ஆட்டத்துக்கு மட்டும் இல்லை, அவள் கைக்கு வைத்துக்கொள்.

வலியை நான் மறைத்தது உண்மை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜோசப்

•

தவளக்குப்பம்
30 செப்டம்பர் 2024

ஜோசப்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

உன் கேள்வியைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை துர்காவை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொரு நாளாகக் கேட்டேன். திங்கள் த்ரோபால், அவள்தான் சர்வீஸ் போடுகிறவள். செவ்வாய் ஈட்டி எறிதல், ராமலிங்கம் சாரிடம் முப்பது எறி. புதன் என்னிடம் பேஸ்பால். வெள்ளி மறுபடியும் த்ரோபால். சனிக்கிழமை ரெட்டியார்பாளையத்தில் தோழிகளோடு கிரிக்கெட், எல்லைக்கோட்டிலிருந்து ஒரே எறியில் ஸ்டம்புக்குப் போடுவாள் என்று அவளை அங்கேயே நிற்க வைக்கிறார்கள். ஞாயிறு நம் மைதானத்தில் மெரினுக்கு ஓய்வு கொடுப்பதற்காக இவள் கேட்ச்சர். பிடித்த பந்தையெல்லாம் திருப்பி எறிய வேண்டும் இல்லையா?

கூட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு நானூற்றுச் சொச்சம். என் சார்ட்டில் அறுபது.

ஒவ்வொரு ஆசிரியரும் அவரவர் விளையாட்டில் அவளுக்குச் சரியாகத்தான் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். என் ஓய்வு நாளில் அவர்கள் எறியச் சொன்னார்கள், அவர்கள் ஓய்வு நாளில் நான். அவளை ஈட்டிக்கும் த்ரோபாலுக்கும் பெயர் கொடுத்தது யார்? நான்தான். நாலு போட்டியில் புள்ளி இருந்தால்தான் அந்தக் கோப்பை கிடைக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுமலதா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏப்ரல்லேர்ந்து அவ தலைய நான்தான் பின்னி வுடுறேன். அதுக்கு முன்ன அவளே பின்னிக்குவா. ஏன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? நான் கேட்டா, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு சொல்றா" என்றாள். பின்னல் போட முழங்கையை மடக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் டவுனில் எலும்பு மருத்துவரிடம் போனோம். "எத்தன நாளா வலி?" என்றார். "வலி இல்ல டாக்டர்" என்றாள். அவர் முழங்கையின் உள்பக்கத்தை ஒரு விரலால் அழுத்தினார். சத்தம் இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடியது. எக்ஸ்ரேயில் அந்தச் சேராத எலும்பு இடம் அகன்றிருக்கிறது. பிய்ந்து வரவில்லை. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார். ஏழு வாரத்துக்கு எதையும் எறியக் கூடாது. அதன்பிறகு இரண்டு மாதம், பத்து அடி தூரத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாகத் திரும்ப வேண்டும். தேசியப் போட்டி பிப்ரவரியில்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. வண்டியில் வரும்போது, "ஏம்மா மறச்ச?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நீங்கதான சொன்னீங்க, ஜோசப் மாமா கை ஒடஞ்சும் ஒம்பது இன்னிங்ஸ் போட்டாருன்னு. அவுருதான் பிட்ச்சருன்னு."

உண்மைதான் ஜோசப். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோறு ஊட்டக்கூட அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். உன்னோடு பேச்சு இல்லாத இந்த ஐந்து வருடத்திலும் உன் கதையை நிறுத்தவில்லை. உன்னைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. உன்மேல்தான் கோபம் அதிகம். "அவுரு மட்டும் போடலாம், நான் போடக் கூடாதா?" என்கிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

கமலு

•

துலூஸ்
15 அக்டோபர் 2024

கமலு,

இந்தக் கடிதத்தை துர்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஒரு வரியையும் விடக் கூடாது.

துர்கா, உன் அப்பா சொன்ன கதை உண்மை. ஆனால் அது பாதிக் கதை. மீதியை நான் சொல்கிறேன்.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஏழாவது இன்னிங்ஸில் என் முழங்கையில் 'டக்' என்று ஏதோ விட்டுப்போனது. இரண்டு விரல்கள் மரத்துவிட்டன. நான் வீசும் இடத்தில் நின்றபடியே எதிரில் குத்துக்காலிட்டிருந்த உன் அப்பாவைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்ததும் முகமூடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். என்னைக் காப்பாற்ற வருகிறான் என்று நினைத்தேன். என் தோளில் கை போட்டு, "இன்னும் கொஞ்சம் பேர்தான்டா. ஊர் மானத்த வாங்கிடாத" என்றான். ஒன்பதாவது வரைக்கும் போட்டேன். ஒரு ரன்னில் ஜெயித்தோம். உன் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னையும் தூக்க வந்தார்கள், பிடித்துக்கொள்ள என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

கமலு, உனக்குக் கோபம் வரும். வரட்டும். உனக்கும் பதினேழு வயதுதான். அதை நான் மறக்கவில்லை.

துர்கா, அதற்குப் பிறகு நடந்தது உன் அப்பாவுக்கே தெரியாது. என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். என் அப்பாவும் சொல்தா. பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி கொடி ஏற்றும்போது இரண்டு பேரும் மெடல்களோடு கடற்கரைச் சாலையில் நிற்பார்கள். நான் மூன்றாவது ஆள் ஆக வேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கனவு, எனக்கும்தான். பத்தொன்பது வயதில் பிரான்சுக்கு வந்து மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். கையை நீட்டச் சொன்னார்கள். நீளவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். என் அப்பா அந்தக் கதையைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அவ்வளவு வெட்கம்.

நான் அழுது புலம்பிக்கொண்டு வாழவில்லை. வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் வலது கையால் என் தோளைத் தொட முடியாது. ஒரு கோப்பைக்கு அது ரொம்ப அதிகம். என் மாதிரி ஆகாதே. உன் மாதிரி ஆகு. பதினோரு பேரை வெளியேற்றுகிற கை உனக்கு இருபத்தைந்து வயதிலும் வேண்டும்.

ஜோசப் மாமா

•

தவளக்குப்பம்
24 நவம்பர் 2024

ஜோசப்,

ஒரு வரி விடாமல் படித்தேன். தோளில் கை போட்ட இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். முடித்ததும் துர்கா என்னைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க ஏம்பா நிறுத்தல?"

பதில் யோசித்துப் பார்த்தேன். அன்றைய நம் கோச் மேல் பழி போடலாம், வயது மேல் போடலாம். "ஜெயிக்கணும்னு. என்னயத் தூக்கிட்டுப் போவணும்னு" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பிடும்போது என் தட்டில் அவளே குழம்பு ஊற்றினாள், இடது கையால்.

மன்னித்துவிடு என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது. ராணுவ விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பெருமை பிடித்துப் போய் பிரான்சில் உட்கார்ந்துவிட்டாய் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நடந்திருப்பவை. கதவில் ஒட்டியிருந்த என் சார்ட்டைக் கிழித்துவிட்டேன். ராமலிங்கம் சார், த்ரோபால் டீச்சர் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். இப்போது கதவில் இருக்கும் தாளில் விளையாட்டின் பெயர் கிடையாது, பிள்ளையின் பெயர்தான். அந்தப் பிள்ளை யாரிடம் எதை எறிந்தாலும் அதே வரியில்தான் எழுத வேண்டும். பிட்ச்சராக ஆடுகிறவள் அதே வாரம் கேட்ச்சராக நிற்கக் கூடாது. வருடத்தில் மூன்று மாதம் கைக்கு முழு விடுமுறை. தலைமை ஆசிரியரிடம் தனிநபர் சாம்பியன் கோப்பைக்கு எறிகிற போட்டி ஒன்றுக்கு மேல் கணக்கில் வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மகள்தான் அதனால் முதலில் தோற்பாள் என்று சிரித்தார். தோற்கட்டும் சார் என்றேன்.

வேறு பிள்ளைகளையும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தோம். இன்னும் இரண்டு பேருக்கு நீளவில்லை ஜோசப். ஒருத்தி மெரின். லேசாகத்தான், ஓய்விலேயே சரியாகிறது. அமலநாதன் உனக்கு எழுதுவான்.

ஏழு வாரம் முடிந்து துர்கா இப்போது பத்து அடியிலிருந்து எறிகிறாள். நீ அனுப்பிய கருவி சுமலதாவிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்று எண்ணுகிறாள், எனக்கே பயமாக இருக்கிறது.

உன்னை அன்பிளாக் செய்யத் தெரியவில்லை, துர்காதான் செய்து கொடுத்தாள். இருந்தாலும் கடிதமே எழுது. போனில் பேசினால் நாம் இரண்டாவது நிமிடத்தில் சண்டை போடுவோம்.

கமலு

•

தவளக்குப்பம்
20 பிப்ரவரி 2025

ஜோசப்,

தேசியப் போட்டி முடிந்து நேற்றுதான் ஊர் திரும்பினோம். நாலாவது இடம். மெடல் இல்லை. ஆனால் நடந்ததைக் கேள்.

மருத்துவர் துர்காவுக்கு ஒரு ஆட்டத்தில் நாற்பது பந்துதான் அனுமதித்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸில் அவளை இறக்கினேன். அதற்கு முன் இரண்டு நாள் அவள் கை முழு ஓய்வில் இருந்தது. நாம் ஒரு ரன் முன்னால். இரண்டு பேரை வெளியேற்றிவிட்டாள். ஆனால் எதிரணி ஒவ்வொரு பந்தாகத் தட்டித்தட்டி விட்டு இழுத்தது. மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது. இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் வெண்கலம்.

கேலரியில் சுமலதா எழுந்து நின்று கையைத் தூக்கினாள். நாற்பது.

ஜோசப், பொய் சொல்ல மாட்டேன். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி குனிந்தேன். துர்கா என்னைப் பார்க்கிறாள். கை வலிக்கவில்லை என்று தலையாட்டுகிறாள். 'இன்னும் ஒரே ஒருத்திதான்' என்பது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை கடிதத்துக்குப் பிறகும் வந்தது. மாநிலத்துக்கே முதல் மெடல், பக்கத்தில் பத்திரிகைக்காரர் கேமராவோடு நிற்கிறார்.

அப்போது மெரின் எழுந்தாள். நடுவரிடம் டைம் கேட்டு, முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துர்காவிடம் நடந்தாள். உன்னிடம் நான் நடந்து வந்தேனே, அதே தூரம். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. துர்காவின் கையிலிருந்து பந்தை எடுத்தாள். நேராக என்னிடம் கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். "சார், நாப்பது ஆயிடுச்சி. அவ்ளோதான்" என்றாள்.

பிள்ளைச்சாவடிப் பெண் பார்வதியை இறக்கினேன். அவள் மெதுவாகப் போடுகிறவள். இரண்டாவது பந்தை அடித்துவிட்டார்கள், இரண்டு பேர் ஓடி வந்தார்கள், தோற்றோம். பார்வதி அழுதாள். துர்கா அவளைக் கட்டிக்கொண்டு, "நானா இருந்தாலும் அவ அடிச்சிருப்பா" என்றாள். நான் தனியாகப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை மெரினைக் கூப்பிட்டு, துர்காவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல சார். உன் கை எனக்கு அடுத்த வருஷமும் வேணும்னு சொன்னேன்" என்றாள். எனக்குப் பதினேழு வயதில் வராத வார்த்தை, ஜோசப். இந்தப் பிள்ளைகளின் கோச் நான் என்று சொல்லிக்கொள்ளும்போது எனக்கு மார்பு விரிகிறது. நாம் ஜெயித்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை.

இதில் அணியின் படம் ஒன்றும் தொடக்க நாள் படம் ஒன்றும் வைத்திருக்கிறேன். துர்காதான் எல்லா மாநிலப் பிள்ளைகளுக்கும் உறுதிமொழி வாசித்தாள். கையைப் பார். அன்றைக்கு ரெட்டைப் பின்னல், அவளே போட்டுக்கொண்டது.

கமலு

•

துலூஸ்
9 மார்ச் 2025

கமலு,

கை நேராக இருக்கிறது. படத்தின் மேல் ஸ்கேல் வைத்தே பார்த்தேன், என் மனைவி சிரித்தாள். பிறகு எழுந்து நின்று என் கையையும் அதன் பக்கத்தில் நீட்டினேன். அது இருந்த இடத்திலேயே நிற்கிறது. இருந்தாலும் முதல் தடவையாக அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை.

அணியின் படத்தைத் தபால் பிரிப்பு மையத்தில் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். யார் இவர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள், இந்தியாவிலேயே நாலாவது என்கிறேன். சனிக்கிழமை முறைக்கிற அப்பன்மார்களிடம் மெரின் கதையைச் சொன்னேன். ஒருவர் மட்டும் இன்னும் முறைக்கிறார், மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

நீ குனிந்ததை எழுதாமல் விட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. எழுதினாய். அதனால் சொல்கிறேன், இருபத்து நாலு வருடமாக என்னிடம் இருந்த கணக்கு ஒன்று இன்றோடு முடிந்தது. இனி அந்தப் பேச்சை எடுக்காதே, நானும் எடுக்க மாட்டேன்.

இந்தப் பார்சலில் அந்தப் பந்து இருக்கிறது. யாருடையது என்று கேட்காமல் எடுத்துப் போய்விட்டேன் என்று திட்டி எழுதியிருந்தாயே, அதே பந்து. தையல் ஓரமாக என் கையெழுத்தில் தேதி இருக்கும், மரத்துப்போன விரலால் எழுதியது, கோணல்மாணலாகத்தான் இருக்கும். இத்தனை வருடத்தில் அது பிட்ச்சருடையதா கேட்ச்சருடையதா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. இப்போது இல்லை. அது கேட்ச்சருடையது.

உனக்கு அனுப்பவில்லை, கமலு. மெரினிடம் கொடு. காலை அசெம்பிளியில், எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டி நிற்கும்போது, உன் கையால் கொடு.

ஜோசப்